தேய்பிறை ஆட்டம்

நெடுங்காட்டு வயல் மண்ணைக் கரைத்து வடிகட்டிய தண்ணீர் சுப்ராயனின் கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்கு இறங்கியது. மனைவி அஞ்சுகம் துண்டால் துடைத்தாள். சுப்ராயனின் அக்கா காசியம்மா விடவில்லை. மறுபடியும் ஒரு கரண்டி எடுத்து உதட்டருகே நீட்டினாள்.

"வாங்கிக்க தம்பி. நம்ம வயக்காட்டு மண்ணு. நானே போயி அள்ளிட்டு வந்தேன்."

தம்பி வாங்கிக்கொள்ளவில்லை. பல் கிட்டியிருந்தது. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மூச்சு மட்டும் ஓட்டைச் சைக்கிள் டியூபில் காற்று ஏறுகிற மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பால் ஊற்றினார்கள். ஊற்றிய பாலெல்லாம் தலையணைக்குத்தான் போனது. இரண்டு நாள் இருந்து பார்த்தார்கள். அப்புறம், நடக்கிறபோது சொல்லியனுப்புங்கள் என்கிற முகத்தோடு ஒவ்வொருவராக பஸ் ஏறிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆடி மாதம், எல்லோருக்கும் விதைப்பு வேலை இருந்தது.

காசியம்மா மட்டும் தங்கிவிட்டாள். தம்பியின் உயிர் எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அது எது என்று கண்டுபிடித்து விடுவிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். முதலில் தங்கத்தை உரசிய தண்ணீர். பிறகு அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் நனைத்த விரல். இன்று மண். கமலாம்பாள், அடுத்த வீட்டுக்காரி, வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லக் கேட்டாள்.

"அவரு உசிரு வயல்லயா இருந்துச்சு? பஸ்ஸுலல்ல இருந்துச்சு?"

காசியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இது தனக்குத் தோன்றாமல் போனதே என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

சுப்ராயன் காரைக்கால் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் செக்கராக இருந்தவர். நாகூர், கும்பகோணம், மாயவரம் என்று எந்தப் பக்கம் வண்டி போனாலும் நடுவழியில் ஏறி, ஒவ்வொரு டிக்கெட்டையும் முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். தெரிந்தவன், தெரியாதவன் கிடையாது. கல்யாணம் ஆன புதிதில் அஞ்சுகத்துக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்த அவளுடைய சொந்த அண்ணனையே, கூட்டத்தில் டிக்கெட் வாங்க மறந்துவிட்டார் என்று டி.ஆர். பட்டினத்தில் இறக்கிவிட்டவர். அண்ணன் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்துமாக தலத்தெருவில் இருந்த இந்த வீட்டுக்கு நடந்து வந்து சேர்ந்தபோது பொங்கல் பொங்கி முடிந்திருந்தது. மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல, "வாங்க மச்சான், பயணம் சௌகரியமா?" என்றார்.

பூமிநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனான். சுப்ராயனுக்கும் அஞ்சுகத்துக்கும் ஒரே பிள்ளை. பாண்டிச்சேரியில் மில் வேலை. லீவு முடிந்து, அதற்கு மேல் சொல்லிவிட்டும் சொல்லாமலும் தங்கியிருந்தான். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கம்பெனி வண்டி வந்து நின்றது. டிரைவர் தங்கப்பன் ஹாரனை அழுத்திப் பிடித்தார். தெருநாய்கள் ஓடின. ஜன்னல் வழியாகத் தலைகள் நீண்டன. கண்டக்டர் இரண்டு தரம் விசில் கொடுத்து, "ரைட்" என்று கத்தினார். வண்டிக்குள் விஷயம் தெரிந்த யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவரிடம் மாட்டி அபராதம் கட்டியவர்களும் அந்த வண்டியில் இருந்திருப்பார்கள்.

தங்கப்பன் இறங்கி வந்து கட்டிலருகே குனிந்தார். "செக்கரய்யா, தங்கப்பன் வந்துருக்கேன். வண்டி நம்ம தெருமொனையில நிக்கிது. ஏறிக்கங்க."

சுப்ராயனின் இமை லேசாக அசைந்தது. காசியம்மா அவசரமாகப் பால் கரண்டியை எடுத்தாள். பல் திறக்கவில்லை. வண்டியில் ஆள் காத்திருந்தது. தங்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அஞ்சுகம் இதில் எதையும் தடுக்கவில்லை, எதற்கும் உதவவும் இல்லை. நனைந்த தலையணை உறையைக் கழற்றி வேறு மாட்டினாள். அவர் உயிர் மண்ணிலும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அதைச் சொன்னால் காசியம்மா கேட்பாளா, கேட்டால்தான் நம்புவாளா? புருஷனும் பெண்டாட்டியும் விளையாடிய ஒரு விளையாட்டில் அவர் உயிர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் பிறந்தது அந்த விளையாட்டு. ஓடு பறந்து, தென்னை விழுந்து, வெளியே போக முடியாமல் உள்ளறையில் மூன்று பேரும் சுருண்டு கிடந்த நாட்கள். பூமிநாதன் பயந்து நடுங்கினான். அவனுக்குப் பராக்குக் காட்டத்தான் சுப்ராயன் ஆரம்பித்தார்.

"நீ ஒரு ராஜா. கையில எல்லா பலமும் இருக்கு. பௌர்ணமி அன்னிக்குக் கெளம்புறே. அமாவாசைக்குள்ள ஊரு போயிச் சேரணும். வழியில திதிக்கு ஒரு தடை வரும். உன் பலத்துல ஒண்ண அவுத்துக் குடுத்தாத்தான் வழி விடுவான். எதக் குடுக்குறதுன்னு நீதான் சொல்லணும்."

"சண்ட போட்டு ஜெயிச்சா பலம் கூடணும்லப்பா?"

"எங்கடா கூடுது? பஸ்ஸுல ஏறுனா கையில உள்ள காசு கொறையும், ஊரு கிட்ட வரும். அவ்ளோதான்."

இது என்ன விளையாட்டு என்று பையனுக்குப் புரியவில்லை. குதிரையைத் தரமாட்டேன் என்று சொல்லி, புயல் முடிகிறவரை அவனுடைய ராஜா முதல் ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிந்ததும் அவன் விளையாட்டை விட்டுவிட்டான். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒட்டிக்கொண்டது. கரண்ட் போன மாலைகளில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்கள். அவர்தான் எப்போதும் பயணி. அவள் வழி சொல்கிறவள். ஊரெல்லாம் திருடனைப் பிடிக்கிறவர் ஆட்டத்தில் கள்ளனாகத்தான் வருவார். சத்தம் கேட்காத கால், இருட்டிலும் பார்க்கும் கண், சுவரேறும் கை, எவனையும் நம்பவைக்கும் நாக்கு, எதிரே நிற்பவனை நடுங்கவைக்கும் கோபம் என்று ஏகப்பட்ட பலத்தோடு கிளம்புவார். அஞ்சுகம் நாகூரையும் திருநள்ளாறையும் தாண்டி ஒரு ஊர் பார்த்ததில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவள் வழி சொல்ல ஆரம்பித்தால் மலையும் கணவாயும் முதலை கிடக்கிற ஆறும் வந்துகொண்டே இருக்கும். பகலெல்லாம் ஊர் ஊராகப் போய்வந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். அவர் அவளை மெச்சியது சமையலுக்கு அல்ல, இதற்குத்தான். எதைக் கொடுக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் யோசிக்கிற அழகைப் பார்க்க அவளுக்கும் பிடிக்கும். அமாவாசைக்கு ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு ஊர் போய்ச் சேர்ந்து, "வந்துட்டேன்டி" என்பார். அன்று முழுவதும் சந்தோஷமாக இருப்பார்.

எண்பத்திரண்டில் முதல் தரம் வாதம் வந்து விழுந்தார். இடது பக்கம் போனது. வேலை போனது. கட்டிலில் கிடந்தபடி, "வழி சொல்லுடி" என்று அவரேதான் கேட்டார். அவசரம் இல்லாத ஆட்டம் அது, மாதக் கணக்கில் நடந்தது. கள்ளன் காலைக் கொடுத்து ஒரு கோட்டை வாசலைத் தாண்டினான். கண்ணைக் கொடுத்து ஒரு காட்டைத் தாண்டினான். அந்த மாதமே சுப்ராயனுக்குக் கண் மங்கலாகிறது என்றார் டாக்டர். கையைக் கொடுத்து ஒரு மதிலைத் தாண்டினான். நல்ல கையிலிருந்து டம்ளர் நழுவியது. எப்படியும் போகப்போகிற பொருளைத்தான் அவர் கொடுக்கிறார் என்று கமலாம்பாளாக இருந்தால் சொல்லியிருப்பாள். அஞ்சுகத்துக்கு வேறு மாதிரி தோன்றிவிட்டது. தான் கேட்டு வாங்குவதெல்லாம் அவரை விட்டுப் போகிறது என்று தோன்றிவிட்டது. பயம் வந்தபிறகு அறிவு என்ன செய்யும்?

கள்ளனிடம் நாக்கும் கோபமும் மட்டும் மிச்சம் இருந்தபோது அவள் ஏமாற்ற ஆரம்பித்தாள். இன்றைக்கு ஆறு வற்றியிருந்தது என்றாள். மறுநாள் காவல்காரன் தூங்கிவிட்டான் என்றாள். நாய் குரைக்கவில்லை, பாதை நல்ல பாதை, வெயில்கூட இல்லை. கள்ளன் நடந்துகொண்டே இருந்தான், ஊர் வரவில்லை. டிக்கெட்டின் முனையைத் தொட்டுப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்கிறவருக்கு இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?

"என்னடி, உலகத்துல உள்ள ஆறெல்லாம் வத்திப்போச்சா?"

"கோடை காலம்ங்க."

"பாவம் பாக்குறியா என்னைப் பாத்து? டிக்கெட்டு இல்லாமக் கூட்டிட்டுப் போறியா?"

"இல்லீங்க. சத்தியமா இல்ல."

அவர் அவளையே பார்த்தார். "இனிமே வழி சொல்லாதே" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாவது தரம் அந்த வாரத்திலேயே வந்தது. நாக்கு போனது. யாரும் கேட்காமலே போனது. அவள் காப்பாற்றி வைத்ததாக நினைத்தது எதுவும் காப்பாற்றப்படவில்லை.

அப்புறம் இரண்டு வருஷம். படுக்கைப்புண் வராமலிருக்க அவள் அவரை இந்தப் பக்கம் புரட்டிப் போடுவாள். உடம்பு புரளும். முகம் கொஞ்சங்கொஞ்சமாகத் தானே திரும்பிச் சுவருக்குப் போய்விடும். பூமிநாதன் லீவில் வந்து கஞ்சி கொடுத்தால் வாயைத் திறப்பார். அவள் கொடுத்தால் பல்லைக் கடிப்பார், பசி மீறிய பிறகுதான் திறப்பார். பீ அள்ளினாள், மூத்திரத் துணி துவைத்தாள், முதுகுக்குப் பவுடர் போட்டாள். ஒரு மனிதன் கட்டிலில் அசையாமல் கிடந்துகொண்டு இவ்வளவு கோபமாக இருக்க முடியும் என்று அவளுக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பஸ் போனபிறகு வீடு ஓய்ந்தது. கமலாம்பாள் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். காசியம்மாவும் பூமிநாதனும் பின்கட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நீயும் வா என்றதற்கு அஞ்சுகம் அப்புறம் என்றாள்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம் இருந்தது. அவள் அதற்குள் போய், அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததில்லை. அவர் பார்வை அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்தது.

"என்னங்க. நான் வழி சொல்லட்டா?"

மூச்சு வந்து போனது.

"அன்னிக்கு ஆறு வத்தலங்க. நான்தான் வத்த வச்சேன். காவக்காரனைத் தூங்க வச்சதும் நான்தான். டிக்கெட்டு இல்லாமத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன். நீங்க கேட்டப்ப இல்லேன்னு சத்தியம் பண்ணுனது பொய். உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். பின்கட்டில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. இதற்கு மேல் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. இதை அவருக்காகச் சொல்கிறோமா, தனக்காகச் சொல்கிறோமா? அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஒரு முழு ராத்திரி யாரும் முனகாமல் தூங்க வேண்டும் போலிருந்தது. முடிந்தால் தேவலை என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்தவளே இப்போது கடைசி ஆற்றைக் கொண்டுவந்தால் அது என்ன கணக்கில் சேரும்? ஆனால் இப்படியே, சுவரைப் பார்த்தபடியே, அவள் மேல் ஆத்திரத்தோடு இந்த மனிதர் போய்விட்டால் மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பது?

"இப்ப சொல்றது நெசம்" என்றாள். "கள்ளன் கடைசி ஆத்துக்கு வந்துட்டான். தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போவுது. பாலம் இல்ல. ஓடக்காரன் ஒருத்தன் நிக்கிறான். அந்தப் பக்கம் ஊரு தெரியிது. கையில என்னா வச்சிருக்கேன்னு கேக்குறான்."

சுவரிலிருந்து பார்வை மெல்ல இறங்கியது.

"நாக்கு முன்னாடியே போயிடுச்சு. அது கணக்குல வராது. மிச்சம் இருக்கறது கோவம் ஒண்ணுதான். என்மேல உள்ளது. அதக் குடுத்தா ஏத்திக்குவானாம்." கட்டிலோடு ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். "குடுக்க மனசு இல்லேன்னா வேணாங்க. கரையிலேயே உக்காந்துருப்பம். நானும் உக்காந்துருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அப்படிச் சொன்னபோது அது பொய்யில்லை. இவ்வளவு அலுப்புக்கு நடுவிலும் அது பொய்யில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சுப்ராயன் அவளைப் பார்த்தார். மங்கிப்போன கண்தான். ஆனாலும் நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும், அப்புறம் மோவாயிலிருந்து நெற்றி வரைக்கும், ஒரு டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். அவளும் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள். பார்த்து முடித்ததும் அவர் தாடையில் இறுகியிருந்தது இளகியது. பல் விட்டது. வாய் கொஞ்சமாகத் திறந்தது.

அவள் நிமிர்ந்தபோது பூமிநாதன் ஈரக்கையோடு உள்வாசலில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. முகத்தைச் சட்டைத் தோளில் தேய்த்துக்கொண்டான்.

"பாலை எடுத்துட்டு வா" என்றாள் அஞ்சுகம்.

பிள்ளை ஊற்றிய பால் உள்ளே போனது. காசியம்மா ஓடிவந்து ஊற்றியதும் போனது. கடைசியாக அஞ்சுகம் ஊற்றினாள். தொண்டைக்குமிழ் ஒரு தரம் ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்தது வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரவில்லை.

"மண்ணுதான் வேலை செஞ்சிருக்கு" என்று காசியம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "வயலு மண்ணு கேட்டுச்சு எந்தம்பிக்கு. கொஞ்சம் லேட்டாத்தான் எறங்குச்சு. வளர்பிறையில நல்ல நேரத்துல போயிருக்கான்."

பூமிநாதன் அம்மாவைப் பார்த்தான்.

"ஆமாம் அண்ணி" என்றாள் அஞ்சுகம்.

நிறைய நாள் காத்திருந்த சாவு என்பதால் எதற்கும் அலையவேண்டியிருக்கவில்லை. மூங்கில் வந்தது, ஓலை வந்தது, கம்பெனியிலிருந்து மாலை வந்தது. தங்கப்பன் அடுத்த நடையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அஞ்சுகத்தின் தலை ஒவ்வொரு தோளாக மாறி மாறிச் சாய்ந்தது. அழுதாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. சங்கு ஊதிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தாள். பிறகு பெண்கள் அவளைத் திருப்பி உள்ளே கூட்டிவந்தார்கள்.

வெயில் தாழ்வதற்குள் வீட்டைக் கழுவ வேண்டும். கமலாம்பாள் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். காசியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். பின்கட்டிலிருந்து ஆரம்பித்து முன்னறைக்கு வந்தபோது இருவரும் நின்றார்கள்.

கட்டில் கிடந்த இடத்தில், வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அஞ்சுகம் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சத்தமாகவே குறட்டை விட்டாள்.

"தூக்கிட்டுப் போனவங்க இன்னும் கொள்ளி வச்சிருக்க மாட்டாங்க. அதுக்குள்ள தூக்கமா?" என்றாள் காசியம்மா. "எழுப்பு. எடம் கழுவணும்."

கமலாம்பாள் குனிந்தாள். அஞ்சுகத்தின் தோளைத் தொடப்போன கையை வழியிலேயே நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து காசியம்மாவைப் பார்த்தாள்.

காசியம்மா விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஏதோ ஒரு பஸ் போனது. "சரி, ஊத்து" என்றாள் கடைசியில். "பாத்து ஊத்து. சுத்தி ஊத்து."

கமலாம்பாள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் தரையில் பரவி அஞ்சுகத்தை நோக்கி வந்தது. காசியம்மா குறுக்கே போய் உட்கார்ந்து விளக்குமாற்றால் அதை அணைகட்டி, கதவோரத்து மடைப்பக்கம் தள்ளிவிட்டாள். தப்பிய ஒரு கோடு மட்டும் போய் அஞ்சுகத்தின் காலைத் தொட்டது. அவள் விழிக்காமலே காலை மடக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.